தெற்கே ஒரு கதவு

“ரெண்டே நாள் மேடம்,” என்றான் ஹரிஷ். “ஒரு நாள் காலைல லாரி வந்தா, மறுநாள் சாயங்காலம் நீங்க உள்ள உட்கார்ந்து காபி குடிக்கலாம்.”

“எந்த ரெண்டு நாள்?” என்று கேட்டாள் சுனிதா.

ஹரிஷ் சிரித்தான். அத்திபெலேயில் இருந்த அந்தச் சின்னத் தொழிற்சாலையில் விற்பனைக்குப் பொறுப்பு அவன். இரும்புச் சட்டத்தில் சுவர்ப் பேனல்களைக் கோத்து, யார் வீட்டுத் தோட்டத்திலாவது கொண்டுபோய் நிறுத்துகிற அறைக்கு கார்டன் ரூம் என்று பெயர் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். வாங்குகிறவர்கள் எல்லோரும் எத்தனை நாள் ஆகும் என்று கேட்பார்கள். எந்த ரெண்டு நாள் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

அது ஆகஸ்ட் நாலாம் தேதி. சுனிதாவுக்கு அந்த அறை நவம்பர் இருபத்திரண்டாம் தேதிக்கு முன்னால் நின்றாக வேண்டும்.

பெங்களூர் காக்ஸ் டவுனில் அவளுடைய மாமனார் கட்டிய வீட்டின் பாதியில் அவளும், மறுபாதியில் கணவரின் அண்ணன் ஆண்ட்ரூவும் அவர் மனைவி ஹில்டாவும் மகள் அனுஷாவும் இருந்தார்கள். நடுக்கூடமும் முன்வாசலும் இருவருக்கும் பொது. கணவர் சிரில் இறந்து மூன்று வருடமாகிறது. பகலில் பிரேசர் டவுனில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் தன் பக்கத்துச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றிப் பதிமூன்று பெண்களை உட்கார வைத்துப் பத்தாம் வகுப்புப் பாடம் நடத்தினாள். வீட்டு வேலை செய்கிறவர்கள், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர்கள், ஒருத்தி சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். எல்லோரும் ஏப்ரல் மாதம் தனித்தேர்வராகப் பரீட்சை எழுத வேண்டியவர்கள்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் ஹில்டா கூடத்து வாசலில் நின்றுகொண்டு, பாடத்துக்கு வந்த பெண்களிடம், “இனிமே பின்பக்கமா வாங்கம்மா, இங்க கெஸ்ட் வர்ற இடம்,” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பால்காரனிடம் நாளைக்கு அரை லிட்டர் போதும் என்று சொல்கிற குரல். பின்பக்கம் என்றால் துணி துவைக்கிற கல்லைத் தாண்டி, கட்டிப்போட்ட நாயைத் தாண்டி, குப்பைக்கூடையைத் தாண்டி வர வேண்டும். மறுநாளிலிருந்து ஐந்து பேர் வரவில்லை. ஏன் என்று சுனிதா போனில் கேட்டபோது ஒருத்தி கால் வலி என்றாள், ஒருத்தி விருந்தாளி என்றாள். விடாமல் வந்துகொண்டிருந்த லட்சுமம்மாதான் உள்ளதைச் சொன்னாள். “டீச்சர், நாள் பூரா பின்கதவாலதான் போறோம் வர்றோம். படிக்கவும் அதாலதான் வரணும்னா, அதுக்கு வீட்லயே குந்திக்கலாம்னு அவளுங்க நெனைக்கிறாளுங்க.”

சுனிதா கோலார் தங்க வயலில் சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவள். வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுக்கு ஒரே ஒரு கதவு. அப்பாவும், போதகரும், கடன்காரனும், பன்றிக்கறி விற்கிறவனும் அதில்தான் வந்தார்கள். முன்கதவு பின்கதவு என்ற கணக்கே அவளுக்குக் கல்யாணமாகி இங்கே வந்த பிறகுதான் தெரியும்.

தோட்டத்தில் மேற்குப் பாதி சிரிலின் பங்கு. அது இப்போது அவள் பெயரில் இருந்தது. அந்தப் பாதியின் தெற்கு மதிலில், பக்கத்துச் சந்துப் பக்கம் பார்த்தபடி, ஒரு சின்ன இரும்பு கேட் உண்டு. மாமனார் காலத்திலேயே பூட்டியது. அந்த கேட்டுக்கு எதிரே ஓர் அறை, அந்த அறைக்கு கேட்டைப் பார்த்த ஒரு கதவு. அவள் கேட்டது அவ்வளவுதான். ஆனால் மதிலும் கேட்டும் பொது. சாவி ஆண்ட்ரூவின் வளையத்தில் இருந்தது.

ஹரிஷைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது அதைச் சொன்னாள். ஆண்ட்ரூ பிரியாணியிலிருந்து ஒரு ஏலக்காயை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

“பெங்களூர்ல நாய்க்கூண்டு ஒண்ணு வைக்கணும்னாலே ஆறு மாசம் ஆகும். நீ ரூம் கட்டப் போறியா?”

“கட்டல பாவா,” என்றாள் சுனிதா; கணவரின் அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். “கொண்டாந்து நிறுத்துறாங்க.”

“அனுஷா கல்யாணம் நவம்பர் இருபத்தாறு. இருபத்திரண்டு சனிக்கிழமை காலைல ஷாமியானாக்காரன் கம்பு நட வரான். கிறிஸ்மஸுக்கு முந்தின அட்வெண்ட் காலம் தொடங்கிட்டா சர்ச்சுல கல்யாணம் இல்ல, அதனால தேதி ஒரு நாள்கூட நகராது. தெரியும்ல?” அவர் தண்ணீர் குடித்தார். அவருக்கு ஒரு யோசனை தோன்றியது முகத்தில் தெரிந்தது. “சரி. அவன் முதல் கம்பு நடுறதுக்கு முன்னால உன் ரூம் கதவோட ஜன்னலோட நின்னுச்சுன்னா, கேட் சாவி உன் கைல. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நிக்கலன்னா இந்த டியூஷன் சமாச்சாரம் இந்தக் காம்பவுண்டுல முடிஞ்சுது. சம்மதமா?”

“சம்மதம்,” என்றாள் சுனிதா. ஹில்டா பாயசம் கொண்டுவந்தாள்.

வகுப்பில் மீதியிருந்த எட்டுப் பேருக்கும், வராமல் போன ஐந்து பேருக்கும் சுனிதா ஒரே செய்தி அனுப்பினாள். நவம்பர் இருபத்தொன்று, வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணி, சந்து கேட்டுக்கு வாங்க. முன்பக்கம் வேண்டாம், பின்பக்கம் வேண்டாம்.

ரெண்டே நாளில் நிற்கப்போகிற அறை எப்படியெல்லாம் நேரம் தின்றது என்பதை அவள் சமையலறைக் காலண்டரில் குறித்துவைத்தாள். இடம் அளக்க ஹரிஷ் வருவதற்குப் பதினோரு நாள். வரைபடத்துக்கு ஒன்பது நாள். அறையைத் தாங்கும் தூண்களுக்கு எட்டுக் குழி தோண்ட அரை நாள். தோண்டிய சாயங்காலமே மழை. குழிகள் எட்டும் எட்டுச் சின்னக் கிணறுகளாக நின்றன. தண்ணீர் இறைத்தால் மறுபடி மழை. அப்படியே இரண்டு வாரம் போனது. கான்கிரீட் தூண் வார்த்து, ஏழு நாள் சாக்கு போர்த்தித் தண்ணீர் ஊற்றினாள். ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குக் குங்குமம் வைத்து மூடியவர்கள் ஐந்து நாள் கழித்துத்தான் திறந்தார்கள். தீபாவளிக்குப் போன வெல்டர் ஒரு வாரம் திரும்பவில்லை. ஆண்ட்ரூ தினமும் காலையில் காபி டம்ளரோடு தோட்டத்துக்கு வந்து அந்த எட்டுத் தூண்களையும் எண்ணிப் பார்த்துவிட்டுப் போவார். “இன்னிக்கும் எட்டுதான்,” என்பார்.

நவம்பர் பத்தொன்பது புதன்கிழமை லாரி வந்தது. தெரு முனையில் யாரோ நிறுத்தியிருந்த காரைத் தாண்ட முடியாமல் நின்றுபோனது. அத்தனை பேனல்களையும் மூன்று பேர் தலையிலும் தோளிலும் சுமந்து கொண்டுவந்து சுவரோரம் சாய்த்தார்கள். அந்த மூவரில் மூத்தவர் கோவிந்தப்பா. அறுபது வயதிருக்கும். இருபது வருடமாக இதே வேலை. பேனல் ஒன்றைத் தட்டிப் பார்த்தே அதன் கனம் சொல்வார்.

வியாழக்கிழமை காலையில் சுனிதா வரைபடத்தை அவர் கையில் கொடுத்து, “எல்லாம் இதுல இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனாள். அரைப் பரீட்சை நேரம், விடுப்பு கிடைக்கவில்லை.

நாலரை மணிக்குத் திரும்பி வந்தபோது அறை நின்றுகொண்டிருந்தது. சாம்பல் நிறச் சுவர், வெள்ளை ஜன்னல், சாய்ந்த கூரை. ஒரு நாளில். இரண்டு எட்டு வைத்த பிறகுதான் கவனித்தாள். கதவு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கதவு வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. தெற்கே, கேட்டுக்கு எதிரே, வெறும் சுவர்.

“கோவிந்தப்பா, இது என்ன?”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் பெருமை. “டிராயிங்ல தப்பாகிட்டிருந்துச்சு மா. கதவு தெற்கே போட்டிருந்தாங்க. ஆபீஸ் பசங்களுக்கு என்ன தெரியும்? நானே கிழக்கே திருப்பிட்டேன். நீங்க ஒண்ணும் ஜாஸ்தி குடுக்க பேடா, வேணாம்.”

“அது தப்பில்ல. நான்தான் தெற்கே கேட்டேன்.”

“தெற்கே வாசல் ஆகல்ல மா, கூடாது. அது எமன் திக்கு.”

ஆண்ட்ரூ தன் பக்கத்துப் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “பெரியவருக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியல பாரு,” என்றார் சிரித்தபடி. “அழகா நம்ம வீட்டப் பார்த்து நிக்குது. ரூம் நின்னாச்சு, நீ ஜெயிச்சாச்சு. கல்யாணத்துக்குப் பாத்திரம் பண்டம் போட்டுக்கலாம். சாவி எதுக்கு இனிமே?”

“நாளைக்குக் கழட்டி தெற்கே மாத்துங்க,” என்றாள் சுனிதா கோவிந்தப்பாவிடம்.

“ஏய்,” என்றார் ஆண்ட்ரூ. “நாளைக்குப் பிரிச்சுப் போட்டு, சனிக்கிழமை காலைல ஓட்டையும் உடைசலுமா நின்னா, அது நின்ன கணக்குல வராது. இப்பவே சொல்லிட்டேன்.”

“சரி பாவா.”

“பைத்தியமா உனக்கு?”

“கேட்ட பக்கம்தான் கதவு வேணும், பாவா. கெடைச்ச பக்கம் இல்ல.”

வெள்ளிக்கிழமை அவள் விடுப்பு எழுதிக்கூடக் கொடுக்கவில்லை; வர முடியாது என்று போனில் சொன்னாள், அவ்வளவுதான். கோவிந்தப்பா எட்டு மணிக்கு வந்தார். கூரை ஓரத்துத் தகடு, மின்சாரக் குழாய், இடுக்குகளை அடைக்க சிலிகான் பசை என்று எல்லா வேலையும் செய்தார். கதவுப் பக்கம் மட்டும் போகவில்லை. ஹரிஷுக்குப் போன் போட்டபோது அவன், “மேடம், அவரு சொன்னா சொன்னதுதான். திங்கட்கிழமை வேற ஆள் அனுப்பறேன்,” என்றான். திங்கட்கிழமை அந்தத் தோட்டத்தில் ஷாமியானா நிற்கும்.

பதினொரு மணிக்கு சுனிதா அவருக்கு டீ கொடுத்துவிட்டு எதிரே செங்கல்மேல் உட்கார்ந்தாள்.

“ஏன் மாட்டேங்கறீங்க? நான்தானே இருக்கப்போறேன். வந்தா எனக்குத்தானே வரும்?”

கோவிந்தப்பா டீயை ஆற்றினார். “ஓசூர்ல ஒருத்தருக்குக் கடை போட்டேன் மா. தெற்கே பார்த்த ஷட்டர். அவரும் இப்படித்தான், எனக்கு நம்பிக்கை இல்ல, போடு போடுன்னார். போட்டேன். இருபத்திமூணாம் நாள் பைக்ல போய் லாரில அடிபட்டார். அவர் சம்சாரம் பேக்டரி கேட்டுக்கு வந்து, எவன் கை அந்தக் கதவ மாட்டுச்சோ அந்தக் கை அழுகிப் போவட்டும்னு மண்ணை வாரித் தூத்திட்டுப் போச்சு. நானும் அங்கதான் நின்னிருந்தேன். நான்தான்னு அதுக்குத் தெரியாது.” அவர் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். “எனக்கு ரெண்டு பொண்ணு மா.”

சுனிதா அதைக் கேலி செய்யவில்லை. பயம் அவருடையது, உண்மையானது. ஆனால் அவளுக்கு இன்னும் ஏழு மணி நேரம்தான் இருந்தது.

“எங்கப்பா முப்பது வருஷம் வேலைக்குப் போன வாசல் தரைக்குள்ள இறங்குச்சு, கோவிந்தப்பா. தங்கச் சுரங்கம். அதுக்கு வடக்கா தெற்கா? தினம் போனார், தினம் வந்தார். கடைசில உசிர் போனது ஆஸ்பத்திரிக் கட்டில்லதான். அந்த வார்டு வாசல் கிழக்கே பார்த்தது.” அவள் எழுந்தாள். “சரி, பாவம் யாருக்கு? ஸ்க்ரூ முடுக்கச் சொல்றவங்களுக்கா, முடுக்கற கைக்கா?”

“முடுக்கற கைக்குத்தான்.”

“அப்ப டிரில்லைக் குடுங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கையை நீட்டியபடியே நின்றாள்.

லட்சுமம்மாவுக்குப் போன் போனது. மதியம் ஒரு மணிக்கு, இரண்டு வீட்டு வேலையை முடித்துவிட்டு, மூன்றாவது வீட்டுக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு அவள் வந்தாள். கூடவே தாரணியும் வந்தாள், அந்தப் பில் போடுகிற பெண். ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்ததாகச் சொன்னாள். கல்யாண வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரர்கள் இரண்டு பேர் நாற்காலி போட்டு ஆண்ட்ரூவின் படியில் உட்கார்ந்தார்கள்.

கூரையின் ஓரத்தை ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும். அதைக் கோவிந்தப்பா செய்தார். “இது கூரை, கதவு இல்ல,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தெற்குச் சுவரிலிருந்து ஒரு வெறும் பேனலை அவருடைய ஆட்கள் கழற்றினார்கள். அதுவும் கதவு இல்லை. கிழக்கிலிருந்து கதவுப் பேனலைக் கழற்றியபோது அறைக்கு இரண்டு பக்கமும் ஓட்டை. ஹில்டா எட்டிப் பார்த்து, “ஐயோ, சம்பந்தி வீட்டுக்காரங்க ஆறு மணிக்கு வராங்களே, இந்தக் கோலத்துலயா பார்ப்பாங்க?” என்றாள்.

கதவுப் பேனலை சுனிதா ஒரு பக்கமும் லட்சுமம்மா மறுபக்கமும் தூக்கினார்கள். தாரணி ரசமட்டத்தைப் பிடித்தாள். கோவிந்தப்பா ஆறடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிற மாமனார் மாதிரி நின்றார்.

“மேல, மேல. இடது பக்கம் ஒரு நூல். ஏய், அது ஒரு நூலா? அது ஒரு கயிறு!”

முதல் ஸ்க்ரூ வழுக்கிக் கீழே விழுந்தது. இரண்டாவது கோணலாக ஏறியது.

“அழுத்துங்க மா! சப்பாத்தி மாவு இல்ல, இரும்பு!”

“எங்க டீச்சர் சப்பாத்தி சாப்பிட்டிருக்கீங்களா நீங்க?” என்றாள் லட்சுமம்மா மூச்சு வாங்க. “இரும்பே தேவல.”

கோவிந்தப்பாவின் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். படியில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர்களில் ஒருவரும் சிரித்தார். ஆண்ட்ரூ அவரைத் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மூன்றாவது நேராக ஏறியது. பன்னிரண்டு ஸ்க்ரூ. ஏழாவதில் சுனிதாவின் உள்ளங்கை கொப்பளித்தது. தாரணி துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினாள். பத்தாவதும் பதினொன்றாவதும் லட்சுமம்மா முடுக்கினாள். “எனக்கும் கொஞ்சம் பாவம் வேணும் டீச்சர், நீங்களே எல்லாத்தையும் எடுத்துக்கிட்டா எப்படி?” என்று சொல்லித்தான் டிரில்லைப் பிடுங்கினாள். கடைசி ஸ்க்ரூ ஏறி, கிழக்கு ஓட்டையில் அந்த வெறும் பேனலை ஆட்கள் மாட்டி, ஜாக்கி இறங்கி, கதவு ஒருமுறை திறந்து மூடியபோது மணி ஐந்தரை. கோவிந்தப்பா சும்மா இருக்க முடியாமல் தள்ளி நின்றே குனிந்து, கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒளி தெரிகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். தெரியவில்லை. “பரவால்ல,” என்றார். பிறகுதான் தன் ஸ்பேனர் பெட்டி அறைக்குள் இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. கதவைப் பார்த்தார். கிழக்கு ஜன்னல் பக்கம் போய், “தாரணிம்மா, அத இப்படி எடுத்துக் குடு,” என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

சுனிதா கைகால் கழுவாமல் நேரே ஆண்ட்ரூவிடம் போனாள்.

“பாவா, சாவி.”

அவர் அறையைப் பார்த்தார். வீட்டுப் பக்கம் இப்போது கதவு இல்லை, ஒரு ஜன்னலும் சாம்பல் நிறச் சுவரும்தான். “எங்களுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்குது,” என்றாள் ஹில்டா. உறவுக்காரர்கள் இருந்ததால் ஆண்ட்ரூவுக்கு வார்த்தை மாற வழியில்லை. வளையத்திலிருந்து சாவியை உருவிக் கொடுத்தார். கொடுக்கும்போது உதட்டோரம் லேசாக மலர்ந்தது. அது ஏன் என்று கேட்டுக்குப் போன பிறகுதான் சுனிதாவுக்குப் புரிந்தது. பூட்டு துருப்பிடித்து ஒரே கட்டியாகியிருந்தது. சாவி பாதிகூட நுழையவில்லை. மண்ணெண்ணெய் விட்டாள். கல்லால் தட்டினாள். அசையவில்லை.

கேட்டுக்கு வெளியே செருப்புச் சத்தங்கள் வரத் தொடங்கின. கம்பிகளுக்கு அப்பால் முகங்கள். எட்டு, ஒன்பது. வராமல் போனவர்களில் மூன்று பேர் தெரிந்தார்கள்.

“டீச்சர், முன்பக்கமா வரட்டுமா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“வேண்டாம். அங்கயே நில்லுங்க.”

கோவிந்தப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றிருந்தார். வெளியே நின்ற பெண்களைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். பிறகு யாரும் எதுவும் கேட்காமலே பையைக் கீழே வைத்து, கட்டிங் மெஷினை எடுத்து, வயரை நீட்டச் சொல்லித் தன் ஆளிடம் கையைக் காட்டினார்.

“கோவிந்தப்பா, அதுவும் தெற்கேதான் பார்க்குது,” என்றாள் சுனிதா.

“கேட் நான் வெச்சது இல்லையே மா,” என்றார் அவர். “உங்க மாமனார் வெச்சது. அவர் பார்த்துக்குவார்.”

தீப்பொறி மதில் உயரம் பறந்தது. பெண்கள் சிரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தார்கள். சத்தம் கேட்டு ஆண்ட்ரூ ஓடி வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் பூட்டு இரண்டாகி மண்ணில் கிடந்தது.

“அது எங்கப்பா போட்ட பூட்டு,” என்றார்.

“தெரியும் பாவா. நாப்பது வருஷம் இருந்திருக்கும்,” என்று சுனிதா அதைக் குனிந்து எடுத்து அவர் கையில் கொடுத்தாள். இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. அவர் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தார்.

“இன்னிக்குச் சம்பந்தி வராங்க. ஒரு நாள் தள்ளிப் போட்டா என்ன?”

“ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு சொன்னீங்க பாவா. இது எத்தனையாவது வார்த்தை?”

ஆண்ட்ரூ பூட்டோடு அறையைச் சுற்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் போனார். வேறு வழி அங்கே இல்லை.

கேட் முனகிக்கொண்டு திறந்தது. முதலில் வந்தவள் அறையின் கதவைப் பார்த்தும், பழக்கத்தில் கால் இடதுபக்கம் திரும்பி, சுவரை ஒட்டி நடக்கப் பார்த்தாள்.

“எங்கடி போற?” என்றாள் லட்சுமம்மா.

“பின்னால வழி...”

“சுத்திப் பாரு, எத்தனை சுத்து வேணும்னாலும் சுத்து. இருந்தா சொல்லு.”

உள்ளே மின்சாரம் இன்னும் வரவில்லை. சாயங்கால வெளிச்சம் ஜன்னலில் கொஞ்சம் மீதியிருந்தது. நாற்காலி இல்லை. பதினொரு பேர் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் போட்டு உட்கார்ந்தார்கள். புது சிலிகான் நெடி கண்ணைக் கரித்தது. சுனிதா கட்டுப்போட்ட கையால் சாக்பீஸைப் பிடிக்க முடியாமல் இடது கையால் சுவர் பேனலிலேயே கோணலாக எழுதினாள்.

“ஒரு வேலையை ரெண்டு ஆள் ரெண்டு நாள்ல முடிப்பாங்கன்னா...” என்று ஆரம்பித்தாள்.

“டீச்சர்,” என்றாள் தாரணி, “அந்தக் கணக்கு வேண்டாம். அது நடக்காதுன்னு நமக்குத் தெரியும்.”

“அப்ப நடந்ததைப் போடு. ஆகஸ்ட் நாலாம் தேதியிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் எத்தனை நாள்?”

பதினொரு தலைகள் குனிந்தன. சுவருக்கு அந்தப் பக்கம், வீட்டு முன்வாசலில், சம்பந்தி வீட்டாரின் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. வரவேற்புக் குரல்கள் கேட்டன. அந்தப் பின்புறத்து அறை என்ன என்று யாரோ கேட்டதும் கேட்டது. ஆண்ட்ரூ என்ன பதில் சொன்னார் என்பது கேட்கவில்லை.

“நூத்தி ஒன்பது,” என்றாள் லட்சுமம்மா, விரல்களை மடக்கி நிமிர்ந்து. “சரியா டீச்சர்?”

“சரி,” என்றாள் சுனிதா. “அடுத்தது.”